ரிமோட்டில் 16, கையில் பெட்டி மூடி

ஏ.சி. ரிமோட்டில் 16 பாகை என்று காட்டியது. அதற்கு நேர் கீழே, சேலைப் பிரிவுப் பிள்ளைகள் சேலைப்பெட்டி மூடியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மட்டக்களப்பில் கச்சான் காற்று அனலாய் அடிக்கும் மாதங்களில் இது வழமைதான் என்று நானும் நம்பியிருந்தேன். நகரத்தில் மூன்று மாடிப் புடவைக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் அதன்மேல் இன்னொரு 66. அதற்குப் பிறகு மின்பட்டியலைப் பிரிக்கும் வேலையை முதலாளி என்னிடமே விட்டுவிட்டார்.

புதிதாக இரண்டு பெரிய ஏ.சி. பூட்டினால் எல்லாம் சரியாகும் என்றார் விற்க வந்தவர். அவர் மாடிப்படி ஏறவேயில்லை. சதுர அடியைக் கேட்டார், விலையை எழுதித் தந்தார், போய்விட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆரையம்பதியில் ஏ.சி. திருத்தும் என் பள்ளித் தோழனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தேன்.

அவன் ஏ.சி.யைப் பார்க்கவில்லை. சேலை மேசையில் ஏறி, கூரை விளக்குக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினான். "மச்சான், இது கடையா, வெதுப்பகமா?"

ஹலோஜன் விளக்குகள், ஒன்று 50 வாட். எண்ணினோம்: 120. மொத்தம் 6,000 வாட். ஒரு தொன் குளிரூட்டல் என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு), ஏறக்குறைய 3,500 வாட் சூட்டை வெளியேற்றும் வேலை. அப்படியானால் எங்கள் ஏ.சி.களில் ஒன்றே முக்கால் தொன் அளவு, வாடிக்கையாளருக்காக அல்ல, விளக்குகளுக்காகவே ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரியக் காசு, அதன் சூட்டை வெளியே தள்ள மறுபடியும் காசு. கணக்கு எழுதுகிறவன் நான். இது என் கண்ணில் படாமல் போனதற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

7 வாட் எல்.ஈ.டி. வாங்கினோம். மலிவாகக் கிடைத்ததை வாங்கியது என் தவறு. அரக்குக் கூறைச்சேலை அந்த வெளிச்சத்தில் சேற்று நிறமாகத் தெரிந்தது. மணப்பெண்ணின் தாய்மார் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். 90க்கு மேல் இருந்தால்தான் துணியின் நிறம் ஓரளவு உள்ளபடி தெரியும் என்று அதன் பிறகே அறிந்தேன். எல்லாவற்றையும் மாற்றினோம்.

அடுத்தது பின்பக்கச் சந்து. வெளி யூனிட்டுகள் ஆறும் அந்த ஒடுங்கிய இடத்தில் எதிரெதிரே நின்று, ஒன்று ஊதும் அனலை மற்றது உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். உப்புக்காற்றில் அலுமினியத் தகடுகள் வெள்ளை மாவாக உதிர்ந்தன. மூன்றை மேல்தளத்துக்கு ஏற்றினோம். செப்புக் குழாய் நீண்டதால் செலவு கையைக் கடித்தது. இப்போது மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுகிறோம். பீச்சியடித்தால் தகடு மடிந்துவிடும்.

இன்னொரு கதையும் அன்று வெளிவந்தது. ஒவ்வொரு வருடமும் ஒருவர் வந்து "வாயு குறைந்துவிட்டது" என்று நிரப்பிக் காசு வாங்கிப் போவார். வாயு என்ன பெற்றோலா, எரிந்து தீர்வதற்கு? குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. சவர்க்கார நுரையைப் பூசியதும் குழாய் மூட்டு ஒன்றில் குமிழி வந்தது. ஒரு நட்டு.

ரிமோட்டை 25இல் வைத்து மின்விசிறிகளைப் போட்டோம். எங்கள் ஏ.சி.கள் பழையவை, ஒரே வேகத்தில் ஓடுபவை. 16 வைத்தால் விரைவாகக் குளிராது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். பிள்ளைகள் இரண்டு நாள் முறைத்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்குத்தான் பெரும் சண்டை. திறந்த வாசலுக்குத்தான் சனம் வரும் என்பது முதலாளியின் நம்பிக்கை. நான் வாதாடவில்லை. வாசலில் நின்ற பையனின் சட்டை குளிர்காற்றில் தெருப்பக்கமாகப் பறப்பதைக் காட்டினேன். கதவு வந்தது.

மின்சார யூனிட்டுகள் ஏறக்குறையக் கால்வாசி குறைந்தன. பட்டியல் அந்த அளவுக்குக் குறையவில்லை. காரணம் கேள்விக் கட்டணம், அதாவது டிமாண்ட் சார்ஜ். 42 கே.வி.ஏ. (மின்சுமையின் அலகு) அளவுக்கு மேற்பட்ட இணைப்புக்கு, மாதத்தில் எந்தப் 15 நிமிடத்தில் அதிகமாக இழுத்தோமோ அந்த அளவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் காவலாளி எல்லா ஆளிகளையும் வரிசையாகத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். இரவெல்லாம் சூடேறிக் கிடந்த கட்டடம் அது. எல்லா இயந்திரங்களும் ஓயாமல் ஓடும். மாடிக்கு மாடி 20 நிமிட இடைவெளி விட்டோம். மாலை ஆறரைக்கு உச்சநேரக் கட்டணம் தொடங்குவதால் மூன்றாம் மாடியை அப்போதே மூடுகிறோம்.

சித்திரை வருடப்பிறப்பு விற்பனை நாளொன்றில் உதவிக்கு வந்த ஒரு பையன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டான். ஒரே ஒரு காலை. அதற்கான கட்டணம் அந்த மாதப் பட்டியலில் அப்படியே நின்றது. மறுநாளே நேரங்களை ஒரு தாளில் எழுதி ஆளிப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். முதலாளி அதற்கு மேலே ஒரு பிள்ளையார் படத்தையும் ஒட்டியிருக்கிறார்.