இருட்டான குழி

அத்தைக்கு அல்சைமர் மாத்திரையான டோனெபெசிலை 5 மி.கி.யிலிருந்து 10 ஆக்கியதும் கனவுகள் ஆரம்பித்தன. விற்றுப்போன மாடு தாழ்வாரத்தில் நிற்கிறதாம், தண்ணி காட்டணுமாம். ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றச் சொன்னார் டாக்டர். மாடு போய்விட்டது.

"நீதான் அல்சைமருக்கு மருந்து கண்டுபிடிக்கிற கம்பெனில இருந்தியே, இது குணமாக்குமா?" என்று மாமா கேட்டார். குணமாக்காது. நரம்புகள் பேசிக்கொள்ள உதவும் அசிட்டைல்கோலினை ஒரு என்சைம் உடைத்துத் தள்ளுகிறது. இந்த மாத்திரை அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். நோய் அதுபாட்டுக்கு வளரும். வயலில் அடிக்கிற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தும் இதே என்சைமைத்தான் பிடிக்கிறது. அது பிடித்தால் லேசில் விடாது, டோனெபெசில் பிடித்துப் பிடித்து விடும். அதை நான் மாமாவிடம் சொல்லவில்லை.

நான் பெங்களூரில் இரண்டு வருடம் மல்லுக்கட்டியது வேறொரு என்சைமோடு. பெயர் பேஸ் 1. 1999ல் அடையாளம் கண்டார்கள். அல்சைமர் மூளையில் திட்டுத்திட்டாகப் படிவது பீட்டா அமிலாய்டு என்ற புரதத் துண்டு. ஒரு பெரிய புரதத்திலிருந்து அது உருவாக முதல் வெட்டு போடுவது இதுதான். வெட்டை நிறுத்தினால் அமிலாய்டு குறையும், நோய் நிற்கும் என்பது கணக்கு.

மருந்துகளைச் சோதிக்கும் எங்கள் பிளாஸ்டிக் பிளேட்டில் 384 குழி. ஒவ்வொன்றிலும் என்சைம், சோதிக்க வேண்டிய மருந்து, அப்புறம் பெப்டைடு என்ற ஒரு குட்டிப் புரதத் துண்டு. பெப்டைடின் ஒரு முனை ஒளிரும். மறுமுனை அந்த ஒளியை விழுங்கிவிடும். என்சைம் நடுவில் வெட்டினால் வெளிச்சம் வரும். ஆக, குழி இருட்டாக இருந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். இந்த என்சைமுக்குப் புளிப்பு வேண்டும், பி.எச். 4.5. அதற்கான அசிட்டேட் பஃபர் கரைசல் கலக்கிய நாளெல்லாம் கையில் வினிகர் வாடை.

ஒரு நாள் ஒரு மருந்து வரிசை முழுக்க இருட்டு. நான் துள்ளாத குறை. சீனியர் அக்கா குப்பியைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். "என்ன கலர்?" நல்ல மஞ்சள். ஒளியை மருந்தே குடித்துவிட்டது, என்சைம் பாட்டுக்கு வெட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அன்று டீ என் செலவு.

நிஜமாகவே வேலை செய்த மருந்துகளுக்கு வந்த கதி வேறு. மெர்க் கம்பெனியின் பேஸ் 1 மருந்தான வெருபெசெஸ்டாட் மூளைத் தண்டுவட நீரில் பீட்டா அமிலாய்டைப் பாதிக்கு மேல் குறைத்தது. ஆனாலும் நோயாளிகளுக்குப் பலன் இல்லை என்று 2017 பிப்ரவரியில் பெரிய சோதனையை நிறுத்தினார்கள். நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களிடம் நடந்த சோதனை அடுத்த வருடம் நின்றது. அங்கே மருந்து சாப்பிட்டவர்களின் ஞாபகம் போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிடச் சற்று மோசமாகவே இருந்தது. 2019க்குள் அதே வகை மருந்துகளான லானாபெசெஸ்டாட், அட்டாபெசெஸ்டாட், உமிபெசெஸ்டாட் எல்லாம் வரிசையாக மூடிக்கொண்டன.

பேஸ் 1 அமிலாய்டுக்காக மட்டும் இருக்கிற கத்தி இல்லை. நரம்பின் மேலுறை வளர உதவும் நியூரெகுலின் என்ற புரதத்தையும் அதுதான் வெட்டித் தர வேண்டும். அந்த என்சைமே இல்லாமல் பிறந்த எலிகளுக்கு மேலுறை மெலிந்து போகிறது.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஐஸ்லாந்தில் சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம். இந்த வெட்டு அவர்களுக்குச் சுமார் 40 சதவீதம் குறைவு, முதுமையில் அல்சைமரும் குறைவு என்று 2012ல் தெரிந்தது. நாம் அதைவிட அதிகமாக, அதுவும் கிழவயதில் போய் அமுக்கினோம். குறைந்த அளவில் சீக்கிரமே ஆரம்பித்திருக்கலாமோ? இப்படி நினைக்கிற விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். ஆனால் இருபது வருடச் சோதனைக்கு யார் பணம் போடுவார்கள்?

இன்று காலை இட்லிக்கு அப்புறம் அத்தை மாத்திரை போட்டுக்கொண்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். "இன்னிக்கு மாத்திரை போட்டேனா?" என்றார். அட்டையை எடுத்து, இன்றைய குழி காலியாக இருப்பதைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.