லிப்ட் அடிச்ச ஹைலக்ஸில் நடுக்கம்: ரயரைக் குற்றம் சொல்ல முதல் ஷாப்ற்றைப் பாருங்கோ

எங்கட வண்டி ரொயோட்டா ஹைலக்ஸ் வீகோ டபிள் கப், 2 அங்குல லிப்ட் (வண்டியை உயர்த்துற வேலை) அடிச்சது. முன்னுக்கு ஸ்றட்டுக்கு (ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் சேர்ந்த துண்டு) மேல ஸ்பேசர், அதாவது இடைக்கட்டை, பின்னுக்கு நீட்டு ஷக்கிள் (லீஃப் ஸ்பிரிங்கின்ர பின் முனையை சஸியோட இணைக்கிற துண்டு). பூட்டினதில சொல்ல ஒண்டும் இல்லை, நல்லாத்தான் பூட்டிச்சினம். பேந்து வந்த நடுக்கத்தைக் கண்டுபிடிக்கத்தான் பட்ட பாடு. போன இடமெல்லாம் ஒரே பதில்: "ரயர் பலன்ஸ் இல்லைத் தம்பி."

பலன்ஸ் பண்ணியாச்சு. வேற கடையில திரும்பவும் பண்ணியாச்சு. ரிம் முழுக்க ஈயம், நடுக்கம் அப்பிடியே. லிப்ட் அடிக்கிறதுக்கு முதல் நாள் வரைக்கும் இதே ரயர், இதே ரிம் ஒழுங்கா ஓடினது எண்டு சொன்னதை ஒருத்தரும் காதில போடேல்லை. அடுத்த ஆலோசனை, நாலு ரயரையும் மாத்துறது!

ரயர் வாங்குறதுக்கு முதல், நடுக்கம் எப்ப வருது, எங்க தெரியுது எண்டு எழுதி வையுங்கோ. எங்கட வண்டியில இருந்தது ஒண்டில்லை, ரெண்டு. முதலாவது, வெளிக்கிடேக்க 10 இலயிருந்து 35 கி.மீ. வரைக்கும் தரையும் சீற்றும் குலுங்கும், காலை எடுத்தால் நிண்டுடும். ரெண்டாவது, 65 - 75 இல தையல் மெசின் மாதிரி ஒரு மெல்லிய அதிர்வு, காலை எடுத்தாலும் முழுசாப் போகாது. ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சு மருந்து தேடினால் எந்த மருந்தும் வேலை செய்யாது. ஒண்டைச் சரியாக்கினாலும் மற்றது மிஞ்சும், "உது பிரயோசனமில்லை" எண்டு சரியான வேலையையே கழட்டி எறிவியள்.

ஸ்ரியரிங் ஆடினால் முன் சில்லுப் பக்கம். சீற்றும் தரையும் எண்டால் பின் சில்லு, இல்லாட்டி புரொப்பலர் ஷாப்ற் (கியர்பொக்ஸின்ர சுழற்சியைப் பின் அக்ஸிலுக்குக் கொண்டுபோற தண்டு, இனிச் சும்மா ஷாப்ற்). பிரேக் மிதிக்கேக்க மட்டும் எண்டால் டிஸ்க். ஓடுற வேகத்தில நியூற்றலுக்குப் போட்டு இஞ்சினை ஐடிலுக்கு விட்டும் அதே அளவு நடுக்கம் இருந்தால் இஞ்சினும் கிளச்சும் தப்பிச்சிட்டுது. அக்சிலேற்றர் குடுக்கக் கூடி, விடக் குறைஞ்சால் ஷாப்ற் மடியிற ஜொயின்ற்றின்ர கோணம், அல்லது முன் சிவி ஷாப்ற் (முன் சில்லைச் சுத்துற தண்டு). ரயர் பலன்ஸ் பிழைக்கு அக்சிலேற்றர் ஒரு பொருட்டே இல்லை, அதுக்கு வேகம் மட்டும்தான் கணக்கு. இந்த ஒரு விசயத்தை ரயர்க்கடையில முதலே கேட்டிருந்தால் பாதிக் காசு மிஞ்சியிருக்கும்.

ரெஸ்ற் பண்ண ரவுண் ரோட்டு சரிவராது. யாழ்ப்பாணத்தில எண்டால் நாவற்குழியில திரும்பி சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிப் பக்கம் போங்கோ. நேர் ரோட்டு, சனம் குறைவு, ஒரே வேகத்தில பிடிச்சுக்கொண்டு போகலாம். காலமை வெள்ளெனப் போனால் எதிர்க்காத்தும் இல்லை.

இனிக் கணக்கு. 265/65 ஆர்17 ரயரின்ர விட்டம் ஏறத்தாழ 776 மி.மீ., சுற்றளவு 2.44 மீற்றர். 70 கி.மீ. எண்டால் செக்கனுக்கு 19.4 மீற்றர். அப்ப சில்லு செக்கனுக்கு 8 தரம் சுத்தும். டிபறன்சியல் விகிதம் (சில்லு ஒருக்காச் சுத்த ஷாப்ற் எத்தினை தரம் சுத்தும் எண்டது) 3.909 எண்டால் ஷாப்ற் 31 தரம் சுத்தும். யூனிவர்சல் ஜொயின்ற் (ஷாப்ற் மடிஞ்சபடி சுத்த விடுற மூட்டு) கோணப் பிழை ஒரு சுத்துக்கு ரெண்டு தரம் அடிக்கும், அது 62. ஆக 8 வந்தால் சில்லு, 31 வந்தால் ஷாப்ற் பலன்ஸ், 62 வந்தால் கோணம். உங்கட ரயரும் விகிதமும் வேற எண்டால் அதுக்கேத்தமாதிரிப் போட்டுப் பாருங்கோ. பெரிய ரயர் போட்டவை வேகத்தை மீற்றரில பாக்காமல் ஜிபிஎஸ்ஸில பாக்கவேணும். 285/70 ஆர்17 போட்டால் மீற்றர் காட்டுறதைவிட 7 வீதம் கூடத்தான் ஓடுவியள்.

மீடிறனை, அதாவது செக்கனுக்கு எத்தினை தரம் அடிக்குது எண்டதை, அளக்க மெசின் தேவையில்லை. பைபொக்ஸ் எண்ட இலவச ஆப்பில ஆர்முடுகல் நிறமாலை (எந்த மீடிறனில எவ்வளவு அதிர்வு எண்ட வரைபு) பாக்கலாம். போனை சீற்று றெயிலில இறுக்கி ஒட்டுங்கோ, மடியில வைச்சால் உங்கட உடம்பே பாதியை விழுங்கிப்போடும். இதிலயும் ஒரு பொறி இருக்கு. சில போன்களின்ர உணரி செக்கனுக்கு 100 தரம்தான் அளக்கும். அதில 50 க்கு மேல உள்ளது ஒண்டும் உண்மையாத் தெரியாது. 62 இல அடிக்கிறது மடிஞ்சு வந்து 38 எண்டு காட்டும். முதல் போனில எங்களுக்கு வந்தது அந்த 38 தான். சில்லுக்கும் பொருந்தாது, ஷாப்ற்றுக்கும் பொருந்தாது. 200 தரம் அளக்கிற போனை வைச்ச உடன 62 இல முள்ளு நிமிர்ந்து நிண்டுது. 8 இல ஒண்டுமே இல்லை. அத்தோட ரயர்க் கதை முடிஞ்சுது.

62 எண்டால் முதல்ல பாக்கவேண்டியது காசில்லாத விசயம். எங்கட ஷாப்ற் முன், பின் எண்டு ரெண்டு துண்டு, நடுவில சென்ரர் பெயாரிங் தாங்குது. பின் ஷாப்ற்றின்ர ரெண்டு முனையிலயும் இருக்கிற யோக் காதுகள் (ஜொயின்ற்றைப் பிடிக்கிற கவடு) ஒரே தளத்தில இருக்கவேணும். ஒண்டு நிமிர்ந்தும் மற்றது சரிஞ்சும் இருந்தால் ஒரு ஜொயின்ற் குடுக்கிற வேக ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடு செய்யாது, கூட்டும். இது எப்பிடிப் பிழைக்கும் எண்டால், கிறீஸ் அடிக்கிறம் எண்டு வழுக்குப் பல்லை (ஷாப்ற் நீண்டு சுருங்க விடுற பல்லுப் பகுதி) கழட்டிப்போட்டு அடையாளம் இல்லாமல் திருப்பிப் பூட்டுறது. எங்கட ஷாப்ற்றில ஒரு பல்லு தள்ளி ஏத்தியிருந்தாங்கள். லிப்ட் வேலையோட சேத்து "சேவிசும் செய்து விட்டிருக்கு" எண்டு பெருமையாச் சொன்ன அதே கராச். கேட்டால், "அது எப்பிடியும் பூட்டலாம் அண்ணை." எப்பிடியும் பூட்டேலாது. சில ஷாப்ற்றில ஒரு பல்லு விட்டு வெட்டியிருப்பினம், பிழையாப் போகாது. இல்லாததில கழட்ட முதல் பெயின்ற்றால கோடு இழுங்கோ. ஷாப்ற்றைப் போல்ற்றால பூட்டுற தட்டு, பிளான்ஜ், அதிலயும் அப்பிடித்தான், எந்த ஓட்டைக்கு எந்த ஓட்டை எண்டு கோடு போடாமல் ஒரு போல்ற்றிலயும் சாவி வைக்க விடாதேங்கோ.

பல்லைச் சரியாக்க 70 இன்ர அதிர்வு பெரும்பாலும் அடங்கிச்சுது. வெளிக்கிடேக்க வாற குலுக்கம் மட்டும் அசையேல்லை. அதுக்குத்தான் கோணம் அளக்கவேணும்.

இதில எல்லாரும் சறுக்குற இடம் ஒண்டு. வண்டியை ஹொயிஸ்றில தூக்கி, அக்ஸில் தொங்க விட்டு அளக்கிறது. அக்ஸில் தொங்கினால் ஷாப்ற் இன்னும் பல பாகை சரியும், வாற எண் ஒண்டுக்கும் உதவாது. ஒரு இடத்தில அப்பிடி அளந்து "12 பாகை, புது ஷாப்ற் செய்யவேணும்" எண்டு விலையும் சொல்லிச்சினம். குழி உள்ள கராச்சுக்குப் போங்கோ. சில்லு நாலும் நிலத்தில, ரயர்க் காத்து சரியா, வழமையா ஏத்துற பாரத்தோட. கீழ இறங்கி காந்தம் உள்ள டிஜிற்றல் கோணமானியை வையுங்கோ. போனும் போதும், ஆனால் கவரைக் கழட்டி, கமெரா மேடு முட்டாத பக்கத்தை வைக்கவேணும். நிலம் துல்லியமா மட்டமா இல்லாட்டியும் பரவாயில்லை, எங்களுக்கு வேண்டியது வித்தியாசம்தான். எல்லாத்தையும் ஒரே பக்கம் பாத்து அளந்தால் சரி.

எங்களுக்கு வந்தது இது, எல்லாம் பின்பக்கம் நோக்கிக் கீழ் சரிவு: கியர்பொக்ஸ் வெளியீடு 3.0 பாகை, முன் ஷாப்ற் 3.5, பின் ஷாப்ற் 9.0, டிபறன்சியல் பினியன் (ஷாப்ற் வந்து பூட்டுற டிபறன்சியல் தண்டு) 6.5. பக்கத்துப் பக்கத்து எண்ணைக் கழிச்சால் ஜொயின்ற் கோணம் வரும். முதல் ஜொயின்ற் 0.5, நடு ஜொயின்ற் 5.5, பின் ஜொயின்ற் 2.5. பின் ஷாப்ற்றின்ர ரெண்டு ஜொயின்ற்றும் ஒண்டுக்கொண்டு 1 பாகைக்குள்ள இருக்கவேணும். இங்க 3 பாகை விலகல். போதாக்குறைக்கு 5.5 பாகையில முறுக்கு விசை முழுக்க சென்ரர் பெயாரிங்கைத் தூக்கித் தூக்கி அடிக்குது. முதல் கியரில முறுக்கு கூட, அதாலதான் வெளிக்கிடேக்க மட்டும் குலுக்கம்.

ஏன் இப்பிடி ஆச்சுது? குற்றவாளி நீட்டு ஷக்கிள். லீஃப் ஸ்பிரிங்கின்ர முன் கண் சஸியில நிலையா நிக்குது. பின் கண்ணை ஷக்கிள் கீழ தள்ளினால் ஸ்பிரிங் பின்னுக்குச் சரியும், அதோட அக்ஸிலும் திரும்பிப் பினியன் மூக்கு மேல நிமிரும். முழு ஸ்பிரிங்கையும் மாத்திற லிப்ட்டில இந்தத் திரும்பல் குறைவு. ஷக்கிள் மலிவு எண்டு விக்கிறவை இதைச் சொல்லமாட்டினம்.

மருந்து ரெண்டு, சேத்துத்தான் குடுக்கவேணும். சென்ரர் பெயாரிங் தாங்கிக்கும் சஸிக் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில 10 மி.மீ. ஸ்பேசர். 20, 25 எண்டு போடச் சொல்லுவினம், போடாதேங்கோ. பெயாரிங்கைக் கூட இறக்கினால் முதல் ஜொயின்ற்றின்ர கோணம் ஏறும், அதை ஈடு செய்ய முன்னுக்கு வேற ஜொயின்ற் இல்லை. அது 1.5 க்குள்ள நிக்கட்டும். வாசரை அடுக்காமல் ஒரே தடிப்புக் கட்டையும் நீளமான போல்ற்றும் போடுங்கோ.

அடுத்தது 2 பாகை ஆப்புத் தகடு, ஸ்பிரிங்குக்கும் அக்ஸில் மேடைக்கும் நடுவில. ஹைலக்ஸில ஸ்பிரிங் அக்ஸிலுக்கு மேல இருக்கிறதால தடிச்ச பக்கம் முன்னுக்கு வந்தால் பினியன் மூக்கு கீழ போகும். பின்னுக்கு வந்தால் இன்னும் நிமிரும், நடுக்கம் கூடும். கராச்சில இதில நிண்டு சண்டை பிடிக்கவேண்டி வந்தது, "தடிப்பு எப்பவும் பின்னுக்குத்தான்" எண்டு பாஸ் ஒரே பிடி. குழிக்குள்ள கோணமானியைக் காட்டின பிறகுதான் இறங்கி வந்தார். தகடு இரும்பு வேணும். அலுமினியம் நசிஞ்சு வெடிக்கும், பேந்து அக்ஸிலையும் ஸ்பிரிங்கையும் சேத்துக் கட்டுற யு போல்ற் தளரும். தகட்டின்ர தடிப்புக்கேற்ப ஸ்பிரிங் தகடுகளைக் கோக்கிற நடுப் போல்ற்றும் நீளவேணும், அதின்ர தலை அக்ஸில் மேடை ஓட்டையில முழுசா இருக்கவேணும், இல்லாட்டி அக்ஸில் வழுக்கும். யு போல்ற் புதுசு. ஒருக்கா இழுபட்டதைத் திரும்ப இறுக்கி நம்பேலாது. இங்க இரும்புத் தகடு கிடைக்கேல்லை, கொழும்பு பஞ்சிகாவத்தையில சொல்லி பஸ்ஸில எடுப்பிச்சது.

பூட்டினாப் பிறகு அளந்தது: முன் ஷாப்ற் 4.5, பின் ஷாப்ற் 8.5, பினியன் 4.5. ஜொயின்ற் மூண்டும் 1.5, 4.0, 4.0. புத்தகப்படி 3 பாகைக்குள்ள இருந்தால் திறம், ஆனால் 70 இல ஷாப்ற் நிமிசத்துக்கு 1,900 சுத்துக்குள்ளதான் போகுது. அந்த வேகத்துக்கு சமமான 4 பாகை பிரச்சினை இல்லை. நாவற்குழிச் சந்தியில முதல் கியரில அழுத்தி எடுத்தம், ஒரு அசைவும் இல்லை!

கோணம் அளந்தும் பிடிபடாதவை, 4 சில் இழுவை வண்டி எண்டால், பின் ஷாப்ற்றைக் கழட்டி வைச்சு உயர் 4 இல (4 சில் இழுவையின்ர உயர் வேக நிலை) முன் சில்லால மட்டும் ஓட்டிப் பாக்கலாம். நடுக்கம் போனால் ஷாப்ற், போகாட்டி வேற. பின் ஷாப்ற் இல்லாமல் 2 சில் இழுவையில விட்டிட்டு கியரில நிப்பாட்டி இறங்கினால் வண்டி தன்பாட்டில உருளும், கட்டை வைச்சுத்தான் இறங்குங்கோ.

மீடிறன் 8 இல வந்தால் ரயர்க்கடைக்குப் போகத்தான் வேணும். அதுக்கும் முதல் ரிம்மின்ர உள்பக்கத்தைக் கழுவுங்கோ. தோட்டத்துக்குள்ள போய் வந்த செம்மண் காஞ்சு ஒரு பக்கத்தில ஒட்டிக் கிடக்கும், அதுக்கு மேல ஈயம் அடிச்சு என்ன பலன்? வண்டியோட வராத வெளி ரிம் போட்டவை நடு ஓட்டையைப் பாருங்கோ. ஹைலக்ஸ் ஹப் (ரிம்மின்ர நடு ஓட்டை ஏறி நிக்கிற மேடு) 106 மி.மீ., ரிம் 110 எண்டால் நட்டுத்தான் மையம் பிடிக்குது. சில்லு தூக்கின நிலையில நட்சத்திர ஒழுங்கில கையால இறுக்கி, கடைசியில ரொர்க் ரென்ச். அலோய் ரிம்முக்கு 105 நியூட்டன் மீற்றர். காத்தில ஓடுற எயார் கன்னால ஒரே அடியா இறுக்க விட்டால் மையம் விலகினபடியே பிடிக்கும்.

முன்னுக்கு சில்லைத் தொங்க விட்டு மேல் ஆம் (சில்லைப் பிடிக்கிற மேல் கை) கொயில் ஸ்பிரிங்கில முட்டின தழும்பு இருக்கோ, சிவி பூட் (சிவி ஷாப்ற்றின்ர ரப்பர் உறை) உராயுதோ எண்டு பாருங்கோ. அலைன்மென்ற் கட்டாயம், ஆனால் அது நடுக்கத்தை எடுக்காது, ரயர் தேயாமல் காக்கும், அவ்வளவுதான். பின் அக்ஸிலில இருந்து பாரம் உணர்ற பிரேக் வால்வுக்குப் போற கம்பி உள்ள வண்டியில, லிப்ட் அடிச்சால் வால்வு "பாரம் இல்லை" எண்டு நினைச்சுப் பின் பிரேக்கைக் குறைக்கும். லிப்ட் உயரத்துக்குத் தக்க அதின்ர பிராக்கெற்றை மாத்த வேணும். லிப்ட் பூட்டினவை இதைத் தொடவே இல்லை.

யு போல்ற்றை 500 கி.மீ. ஓடினாப் பிறகு திரும்ப இறுக்குங்கோ. அப்பவே குழிக்குள்ள ஒருக்காக் கோணத்தையும் அளவுங்கோ. சீமெந்து ஏத்துற வண்டி எண்டால் பாரத்தோட ஒரு தரம், வெறுமையா ஒரு தரம். ரெண்டுக்கும் நடுவில 1 பாகைக்குள்ள சமன் வாறமாதிரி ஆப்பைத் தெரிவு செய்தால் ரெண்டு நிலையிலயும் ஓடலாம்.