மூன்று ஷகரம்

மும்பையில் என் வேலை, பழைய கணினிக் கோப்புகளில் முடங்கிக் கிடக்கும் அவெஸ்தா பாடங்களை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுவது. அவெஸ்தா ஜரதுஷ்டிர சமயத்தவரின் மறை. அதன் மொழி ரிக் வேத மொழிக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

யூனிகோடு 2009-இல்தான், 5.2 பதிப்பில், இந்த எழுத்துகளுக்கு இடம் தந்தது: 54 எழுத்துகள், 7 குறிகள். அதற்கு முன் ஆளுக்கோர் எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதத்தைத் திறந்து விழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, வலமிருந்து இடமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எங்களுக்கு வந்த கோப்பில் ஒவ்வொரு வரியையும் கடைசி எழுத்திலிருந்து தட்டியிருந்தார்கள். அதைத் திருப்பிப் போட ஒரு சிறு நிரல் போதுமாக இருந்தது.

ஷகரம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவெஸ்தாவில் ஷகரம் மூன்று. எங்கள் கோப்பில் மூன்றுக்கும் ஒரே விசை. ஒலி வேறுபாடு மறைந்துவிட்ட பிற்காலத்தில் ஏடெழுதியவர்களும் அவற்றைக் கலந்து எழுதியிருக்கிறார்கள். அதையே சாக்காக வைத்து மூன்றையும் ஒன்றாக்கிவிட்டேன்.

அச்சிட்ட தாளை ஒரு முதிய பார்சி குருவிடம் காட்டினேன். பார்சிகள் இந்தியாவில் வாழும் ஜரதுஷ்டிர சமயத்தவர். முதல் வரி, ‘அஷெம் வொஹூ வஹிஷ்தெம் அஸ்தி’. அவர் விரல் முதல் சொல்லிலிருந்து மூன்றாம் சொல்லுக்குப் போய்த் திரும்பியது. “திக்ரா, இந்த ஷவும் அந்த ஷவும் ஒன்றா?” என்றார். திக்ரா என்றால் குஜராத்தியில் மகன்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. ‘வஹிஷ்த’ என்பது வடமொழி ‘வசிஷ்ட’; அதில் இருப்பது ஆதியிலிருந்தே ஷகரம். ‘அஷெம்’ என்பதன் அடிச்சொல்லான ‘அஷ’வின் ஷகரமோ ரகரமும் தகரமும் சேர்ந்து நின்ற இடத்தில் பிறந்தது. வேதத்தில் ‘ருத’, பழம்பாரசீகத்தில் ‘அர்த’: உலகைத் தாங்கும் உண்மை. மனிதனைக் குறிக்கும் ‘மஷ்ய’வும் அப்படியே, ‘மர்த்ய’விலிருந்து வந்தது. மூன்றாவது ஷகரம் யகரத்துக்கு முன் வருவது. ‘செயல்’ என்ற சொல்லில் அது நிற்கிறது. ஒரு விசையில் இந்த உறவுகள் அத்தனையையும் துடைத்துவிட்டிருந்தேன்.

ஒரே வடிவம் பல ஒலிகளுக்கு நிற்கும் பஹ்லவி என்ற இடைக்காலப் பாரசீக எழுத்தில் ஓதுதலைக் காப்பாற்ற முடியாது என்றுதானே, பாரசீகத்தை ஆண்ட சாசானியர் காலத்தில் அதிலிருந்தே இந்த எழுத்தை விரித்து உருவாக்கினார்கள்? உயிருக்கு மட்டும் 16 வடிவங்கள். அவர்கள் கூட்டியதை நான் குறைத்திருந்தேன்.

இரண்டு மாதம், சொல் சொல்லாக, ஏடுகளின் படங்களோடு ஒப்பிட்டு மூன்று ஷகரத்தையும் பிரித்தேன். எழுதியவர் கலந்து எழுதிய இடத்தில் அவர் எழுதியதை அப்படியே விட்டேன். திருத்தம் பதிப்பாசிரியர் வேலை. நாங்கள் சான்றைக் கெடுக்கக் கூடாது.

1323-இல் குஜராத்தின் கம்பாத்தில் மிஹ்ரபான் கைகுஸ்ரோ படியெடுத்த, அவெஸ்தாவின் வழிபாட்டுப் பகுதியான யஸ்ன ஏடு ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. அவெஸ்தா மூலத்தோடு பஹ்லவி உரையும் சேர்ந்தே ஓடும் ஏடு அது. மூலத்தை இன்று எந்தக் கணினியிலும் அதன் எழுத்திலேயே தேடலாம். உரை எழுதப்பட்ட அந்த ஏட்டுப் பஹ்லவிக்கு யூனிகோடில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. அத்தகைய வரிகளை ரோமன் எழுத்தில் அடித்து, பக்கத்திலேயே ஏட்டின் படத்தையும் வைத்து வருகிறோம்.