சென்னையிலிருந்து ஃப்ராங்ஃபர்ட்டுக்கு நாயோடு: தராசும் நாள்காட்டியும்

விமானத்தில் நாயைப் பயணிகளோடு உட்கார விடலாமா, கீழே சரக்குப் பகுதியில்தான் ஏற்ற வேண்டுமா என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. ஆனால் சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு நாயைக் கொண்டுபோகிறவருக்கு அதைத் தீர்த்து வைப்பது தராசுதான். லுஃப்தான்சாவில் பையும் நாயும் சேர்ந்து 8 கிலோவுக்குள் இருந்தால் மேலே. மென்பையின் அளவு 55×40×23 சென்டிமீட்டர். பை மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் இழுக்கும் என்பதால் நாய்க்கு மிஞ்சுவது ஏழுக்கும் குறைவு. நம் வீடுகளில் ‘பொமரேனியன்’ என்று வளர்க்கப்படும் ஸ்பிட்ஸ் பல நேரம் இந்தக் கோட்டில்தான் நிற்கும். கிளினிக்கில் போன மாதம் பார்த்த எடையை நம்ப வேண்டாம். பைக்குள் வைத்து, ஜிப்பை மூடி, அப்படியே எடை போடுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, நாட்டு நாய் எல்லாம் கேள்வியே இல்லாமல் கீழேதான்.

டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்துக்குப் போன் செய்து இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், ஏனென்றால் ஒரு விமானத்தில் ஏற்றும் விலங்குகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. முன்பதிவில் மேலே என்றால் பி.இ.டி.சி., கீழே என்றால் ஏ.வி.ஐ.ஹெச். என்று குறியீடு ஏறி, அது உறுதியானதாக எழுத்தில் வர வேண்டும். “ரிக்வெஸ்ட் போட்டிருக்கோம் சார்” என்பது உறுதி அல்ல. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களைக் கீழே ஏற்றப் பல நிறுவனங்கள் மறுத்துவிடும். பிட்புல், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர், இவற்றின் கலப்பினங்கள் ஆகியவற்றைக் குடியேறக் கொண்டுவர ஜெர்மனியே 2001 முதல் தடை செய்திருக்கிறது. அங்கே பேரத்துக்கு இடமில்லை.

இனி நாள்காட்டி. இந்த வேலையில் பணத்தைவிட அதிகம் வீணாவது நாள்தான். வரிசை மாறக் கூடாது: முதலில், சர்வதேசத் தரப்படி (ஐ.எஸ்.ஓ.) தோலுக்கடியில் வைக்கும் 15 இலக்க மைக்ரோசிப், அதன் பிறகு (அதே நாளிலும் போடலாம்) ரேபிஸ் ஊசி. சிப்புக்கு முன் போட்ட ஊசி, அட்டையில் எத்தனை முத்திரை இருந்தாலும், கணக்கில் வராது. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஆணையம் அங்கீகரித்த ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருந்தால் தேர்ச்சி. பிறகு ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. அறிக்கை வந்த நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் மூன்று வாரம் வரை சும்மா இழக்கிறார்கள்.

ஜனவரி 5-இல் சிப்பும் ஊசியும் என்றால், ரத்தம் பிப்ரவரி 4-க்குப் பிறகு. பிப்ரவரி 6-இல் எடுத்தால் மே 6-இல் ஐரோப்பாவுக்குள் நுழையலாம். சென்னையில் அப்போது கத்திரி தொடங்கியிருக்கும்! வெயில் காலத்தில் கீழே நாய் ஏற்ற மாட்டோம் என்று நிறுவனம் கையை விரித்தால் மறுபடியும் காத்திருப்பு. ஆகவே பயண மாதத்தை முதலில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டிசம்பர், ஜனவரியில் கிளம்பினால் நாய்க்கும் உங்களுக்கும் சுகம். அதற்கு ஆகஸ்டிலேயே சிப் போட்டிருக்க வேண்டும். பன்னிரண்டு வார வயதுக்கு முன் ரேபிஸ் ஊசி போட முடியாது என்பதால் ஏழு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இந்த வழியில் கொண்டுபோவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

ரத்த மாதிரி கெடுவது இரண்டு காரணத்தால். ஒன்று, சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) பிரிக்காமல் ரத்தமாகவே அனுப்பி அது சிதைந்து சிவந்துபோவது. கிளினிக்கில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வைக்கோல் நிறத்தில் தெளிந்த சீரம் ஒன்றிரண்டு மில்லி, ஐஸ் பேக்கோடு போக வேண்டும். இன்னொன்று, ஒரே ஒரு ஊசி போட்ட இளம் நாய்களில் அளவு 0.5-ஐ எட்டாமல் போவது. இரண்டாவது ஊசி போட்டு அதன்பின் எடுப்பது நல்லது. தேறிவிட்டால் அந்த அறிக்கை ஆயுளுக்கும் செல்லும், அடுத்தடுத்த ஊசிகளை நாள் தவறாமல் போட்டுவந்தால். ஒரு நாள் தவறினாலும் பழைய கதை முதலிலிருந்து.

சிப் எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டிக்கரில் இருப்பதைப் பார்த்து எழுதாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஸ்கேனரைத் தோள்பட்டைகளுக்கு நடுவே வைத்து, திரையில் வருவதை ஒருவர் படிக்க மற்றவர் எழுத வேண்டும். 3, 3, 8 என்பது 3, 8, 8 ஆகிவிடும். ஊசி அட்டை, ஆய்வக அறிக்கை, சுகாதாரச் சான்றிதழ் மூன்றிலும் பதினைந்து இலக்கமும் ஒன்றாக இருந்தால்தான் அது உங்கள் நாய். இல்லையேல் ஃப்ராங்ஃபர்ட்டில் அது காகிதமில்லாத நாய்.

சான்றிதழ் தருவது பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசின் விலங்குத் தடுப்புக்காப்பு அலுவலகம். எல்லோரும் ‘க்வாரண்டைன் ஆபீஸ்’ என்பார்கள். சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் ஐரோப்பிய எல்லையில் சோதனை முடிய வேண்டும். எனவே பயணத்துக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் நேரம் வாங்குங்கள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறையைக் கழித்து எண்ணுங்கள். நாய், பாஸ்போர்ட் நகல், டிக்கெட், ஊசி அட்டை, ஆய்வக அறிக்கை, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று எல்லாம் போக வேண்டும். பலர் சறுக்குவது மொழியில். ஐரோப்பியப் படிவம் ஆங்கிலத்தோடு, முதலில் நுழையும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். பாரிஸில் இறங்கி மாறினால் ஜெர்மன் படிவம் உதவாது, பிரெஞ்சு வேண்டும். நேரடி விமானத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இதற்காகவும்தான்.

கீழே போகிற நாய்க்குக் கூண்டு. சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான அயாட்டாவின் கணக்கு இது: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு அளவு, தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரை ஒரு அளவு; முதலாவதோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலம் இரண்டு மடங்கு, கூண்டின் அகலம். நிற்கும்போது தலை அல்லது காது நுனி, எது உயரமோ அதோடு விரிப்பின் கனம், கூண்டின் உயரம். இவை உள்ளளவு. கடைக்காரர் சொல்வதோ வெளியளவு. 62 சென்டிமீட்டர் உயர நாட்டு நாய்க்கு விரிப்போடு 65 வேண்டும். 66 என்று எழுதிய கூண்டை வாங்கி வந்து உள்ளே டேப் வைத்தால் நாலைந்து குறையும். காது கூரையில் இடித்தால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். அடுத்த பெரிய அளவை வாங்குங்கள். பிளாஸ்டிக் திருகுகளைக் கழற்றிவிட்டு இரும்பு நட்டு போல்ட் போடுங்கள், சக்கரத்தை எடுத்துவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை வெளியிலிருந்தே நிரப்ப முடிய வேண்டும். முதல் நாள் இரவு அதை ஃப்ரீசரில் வைத்தால் ஏற்றும்போது சிந்தாது.

மயக்க மருந்து கொடுக்கவே கூடாது. பறக்கும்போது அறையின் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். மருந்து ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் இறக்கிவிடும். ஆடும்போது உடலைத் தாங்கிக்கொள்ளவும் நாயால் முடியாது. இரண்டு மாதம் அந்தக் கூண்டிலேயே சோறு போட்டு, அதிலேயே தூங்க வைத்தால் மருந்துக்குத் தேவை வராது.

மேலேயா கீழேயா என்பதில் எங்கள் கருத்து: நாய் ஏற்றும் அறையிலும் பயணிகள் அறையின் அழுத்தமே இருக்கும், சூடும் ஏற்றப்படும். ஆபத்து வானத்தில் குறைவு, தரையில் அதிகம்; ஓடுதளத்து வெயிலிலும் ஏற்றி இறக்கும் கைகளிலும். ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புவது நம் அதிர்ஷ்டம். நாய் முடி ஒவ்வாமை உள்ளவர் பக்கத்து இருக்கையில் இருந்தால் அவர் கோபமும் நியாயம்தான். அமெரிக்காவில் ‘மனத்துணை விலங்கு’ என்று சீட்டு வாங்கி எதையும் ஏற்றியதன் பலன், 2021 ஜனவரி முதல் பயிற்சி பெற்ற உதவி நாய்க்கு மட்டுமே அந்தச் சலுகை கட்டாயம் என்று சுருங்கிவிட்டது.

கீழே ஏற்றுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019-இல் பியூனஸ் அயர்ஸில் விமானத்துக்குக் கொண்டுபோகும் வழியில் ஓடிப்போன ஒரு நாயின் வழக்கில், 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பை வகுக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி நாயும் ‘பேக்கேஜ்’தான். உரிமையாளர் கேட்டது 5,000 யூரோ. கூடுதல் மதிப்பை செக்-இன் நேரத்தில் தனியாக அறிவிக்காவிட்டால் பயணியின் பெட்டிக்கு உள்ள உச்சவரம்புதான் நாய்க்கும். அது இப்போது 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அறிவிக்க விரும்பினால் முன்பதிவின்போதே கேளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு அந்தப் படிவம் எங்கே என்று தெரியாமல் போகலாம்.

ஃப்ராங்ஃபர்ட்டில் கூண்டு, பெட்டி வரும் பெல்ட்டில் வராது. பெரிய சாமான்கள் தரும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து சுங்கத்தின் சிவப்பு வழி (அறிவிக்க ஏதேனும் இருப்பவர்களுக்கானது), கையில் காகிதங்களோடு. பச்சை வழியில் நாயைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. கூண்டுக் கதவின் நாலு மூலையிலும் சென்னையில் கேபிள் டை போட்டிருப்பார்கள், அதை வெட்டக் கை வெறுமனே இருக்கும். செக்-இன் பெட்டியில், மேல் அடுக்கிலேயே ஒரு சின்ன கட்டிங் பிளேயர் வையுங்கள். கதவைத் திறக்கும் முன்பே கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டிவிட்டு, வெளியே முதலில் கண்ணில் படும் புல்தரைக்குக் கூட்டிப்போங்கள்.