இரண்டு கொத்து நெல்

விவசாயம் படிப்பித்த சேர் மார்கழிக் கடைசியில் காலமானார். செய்தி ரொறன்ரோவுக்கு வந்த அன்றே பழைய மாணவர் சங்கச் செயலாளர் தொலைபேசியில், "நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும், அவரோடு நெருங்கிப் பழகினது நீங்கள்தானே" என்றார். பழகியது உண்மை. அந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது என்பதை ஐம்பது வருடமாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

எங்கள் வீடு கிளிநொச்சி உருத்திரபுரத்தில். இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் விளைந்த நெல்தான் எங்களைப் படிக்க வைத்தது. தைப்பூசத்தன்று புதிர் எடுப்போம், புது நெல்லின் முதல் சோறு அது. அன்று ஐயா விடியவே முழுகி, நல்ல நேரம் பார்த்து வயலில் இறங்கி, கிழக்குப் பார்த்து நின்று நாலைந்து பிடி கதிர் அறுத்து, வெள்ளைத் துணியால் மூடித் தலையில் வைத்துக் கொண்டு வருவார். வாசலில் நிறைகுடத்தோடு அம்மா. ஒரு பிடி கதிர் சுவாமியறைக் கூரை வளையில் கட்டப்படும். மிச்சத்தைக் கையால் கசக்கி, உரலில் இட்டுக் குத்திப் புடைத்தால் ஒரு சிறங்கை அரிசி தேறும். அதைப் பழைய அரிசியோடு கலந்துதான் உலை வைப்பார். பழசும் புதுசும் பானைக்குள் சந்திக்கவேண்டும், களஞ்சியம் ஒருநாளும் வெறுமையாகக் கூடாது என்பது அம்மாவின் கணக்கு.

புத்தரிசி தண்ணீர் அவ்வளவு குடிக்காது. கொஞ்சம் அசந்தால் குழைந்துவிடும். அதனால் அன்றைக்கு அம்மா அடுப்படியை விட்டு அசையமாட்டார். ஒரு கொதி வந்ததும் பாலை விறகை வெளியே இழுத்துவிட்டு, தணலில் விட்டு இறக்குவார். கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், எருமைத் தயிர், வாழைப்பழம், சர்க்கரை. படையலுக்குப் பிறகு முதல் வாய் மாடுகளுக்கு. அடுத்த பந்தி அருவி வெட்ட, அதாவது நெல் அறுக்க, வந்தவர்களுக்கு. எங்களுக்கு அதன் பிறகுதான். "வெட்டினவன் பசியோட இருக்க நாங்கள் கை நனைக்கிறதோ?" என்பார் ஐயா. நன்றி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. யார் எப்போது சாப்பிடுவது என்ற அந்த ஒழுங்குதான் நன்றி.

1974 தைப்பூசத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. என் பங்கு புதிர்ச் சோற்றை ஓலைப்பெட்டியில் வாழையிலைக்குள் பொதிந்து, பஸ் மாறி மாறி அம்மாவே ஹொஸ்டலுக்குக் கொண்டுவந்தார். வரப்பில் நடந்த காலோடு வந்திருந்தார். நான் கேற்றடியில் வாங்கிக்கொண்டு அவரை உடனேயே அனுப்பிவிட்டேன். டொமிற்றரிக்குள் பெட்டியைத் திறந்ததும் சிரிப்பு எழுந்தது. சிவப்புச் சோறு, புகை மணம், "காட்டான் சாப்பாடு". சிரித்தவர்களில் சிலர் இதை வாசிக்கவும் கூடும். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, எல்லோரும் சின்னப் பிள்ளைகள். ஆனால் நான் செய்ததற்கு அந்தச் சமாதானம் போதாது. பிறெப் என்ற படிப்பு நேரத்துக்கு மணி அடிக்க முன், பின்கிணற்றடி வாழைக்குக் கீழே முழுவதையும் கொட்டினேன். அரிசி இறக்குமதி குறைந்து, ஊர்ச் சனம் விடியப்புறம் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது.

நிமிர்ந்தபோது சேர் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, மண் படாமல் மேலே கிடந்த சோற்றை ஒரு கை அள்ளி, மதிலில் காகத்துக்கு வைத்துவிட்டுப் போனார். அடி விழுந்திருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

எட்டு மாதம் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. புரட்டாதியில் ஒருநாள் கூப்பிட்டு, தோட்டத்தின் மூலையில் பத்தடிக்குப் பத்தடி அளந்து காட்டினார். கையில் ஒரு பிடி மொட்டைக்கறுப்பன் விதைநெல் தந்தார். "இது உம்முடைய வயல்" என்றார். அவ்வளவுதான்.

மண்ணைப் புழுதியாக்கி, மழைக்கு முன் விதைத்தேன். ஐப்பசி மழையில் முளை வந்தது. கார்த்திகையில் தண்ணீர் தேங்கி அழுகப் பார்க்க, சேர் குடையோடு வந்து வாய்க்கால் வெட்டக் காட்டித் தந்தார். கோரை பிடுங்கி நகக்கண் எல்லாம் வெடித்தது. கதிர் பால் பிடித்த நாட்களில் குருவி கலைக்க, விளையாட்டு நேரம் முழுக்க அங்கேயே இருந்தேன். சேரும் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் கொப்பி திருத்துவார். அதிகம் பேசமாட்டார். நாங்கள் பழகியது அந்த மூலையில்தான்.

தைக் கடைசியில் அறுத்து, சாக்கில் போட்டு அடித்து, சப்பி என்ற பதர் போகத் தூற்றினோம். சேர் கொத்து என்ற அளவுப் பாத்திரத்தை எடுத்து அளந்தார். எங்கள் ஐயாவைப் போலவே, ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்றார். அப்புறம் "இரண்டு". சாக்கு முடிந்துவிட்டது. குத்திப் புடைத்தபோது ஒரு கொத்து அரிசி. நாலு மாத உழைப்புக்கு அதுதான்.

பாதியை ஹொஸ்டல் குசினியில் சமைப்பித்து, சிரித்தவர்களையும் கூப்பிட்டு இருத்திச் சாப்பிட வைத்தார். மற்றப் பாதியைக் கடதாசிப் பையில் கட்டி என் கையில் தந்தார். "அம்மாவிட்டைக் குடும். நடந்ததையும் சொல்லும்."

கொடுத்தேன். நான் விளைத்த அரிசி என்று அம்மா அக்கம்பக்கம் எல்லாம் காட்டித் திரிந்தார். அரிக்கன் சட்டியில் ஒரு மணி சிந்தாமல் அரித்து உலை வைத்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? பிறகு சொல்லலாம் என்று விட்டேன். 1984 இல் இங்கே வந்தேன். கடிதம் போன காலத்திலும் சரி, தொலைபேசி வந்த காலத்திலும் சரி, ஒவ்வொரு தையிலும் அம்மாவின் செய்தி ஒன்றுதான்: "புதிர் எடுத்தாச்சு. உன்ரை இலையும் போட்டு வைச்சனான்." வருடா வருடம் எனக்கென்று ஒரு இலை போட்டு, பிறகு அதை எடுத்து மாட்டுக்கு வைத்திருக்கிறார். 2007 மாசியில் அம்மா போய்ச் சேர்ந்தார். நான் போகவில்லை. போரில் பாதை பூட்டிக் கிடந்தது என்பது காரணம். திறந்திருந்த வருடங்களிலும் போகவில்லையே.

2012 இல் ஊருக்குப் போனபோது சேரைப் போய்ப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியிருந்தார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். மத்தியானம் இருத்தி, குத்தரிசிச் சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் தன் கையாலேயே போட்டார். நான் முதல் பிடியைக் குழைக்கும்போது கேட்டார்.

"அம்மாவிட்டைச் சொன்னனீரோ?"

முப்பத்தேழு வருடம் கழித்து.

"இல்லை, சேர்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"சரி, சோறு ஆறுது. சாப்பிடும்."