பழைய டிராவல் டிரெய்லருக்குப் பெயின்ட்: ஒரு பக்கம் முடிந்தது, சிலிகான் தோற்றது

இடது பக்கத் தகடுகள் ஒரு ஃபிஷ் ஐ (சிலிகான் மிச்சத்தால் பெயின்ட் விலகி விழும் சின்னக் குழி) கூட விழாமல் காய்ந்து நிற்கின்றன. ஜன்னல் சட்டம், மூலைப் பட்டை, தகடு சேருமிடம் என்று கண்ட இடமெல்லாம் யாரோ கசிவை அடைக்கும் சிலிகானை அப்பி வைத்திருந்த வண்டி இது, காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீட்டு வண்டி. பெயின்ட் அடித்த நேரத்தைவிட அதை எடுத்த நேரம்தான் அதிகம்.

சிலிகானை நேரடியாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. போகாது, கீறலுக்குள் இழுபட்டு, சுத்தமாக இருந்த இடத்துக்கும் பரவும். முதலில் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி, சிலிகான் ரிமூவர் தடவி ஊறவிட்டு, மறுபடி சுரண்டல். பிறகு கிரீஸ் ரிமூவர், இரண்டு துணி. ஒன்றால் நனைத்து, ஈரம் காயுமுன் மற்றதால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே படியும். ரிவெட் தலையைச் சுற்றித்தான் எப்போதும் மிச்சம் ஒட்டியிருக்கும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: படலமாக விரிந்தால் சரி, முத்து முத்தாகத் திரண்டால் மறுபடி துடைக்க வேண்டியதுதான்.

அதற்கப்புறம்தான் 320 எண் உப்புத்தாள், அதுவும் தண்ணீர் விட்டு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், தூசி பறக்கவிடாதீர்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். துகள் அலுமினியத்தில் பதிந்து பிறகு அரிக்கும். வெறும் அலுமினியம் தெரியும் இடத்தில் அதைவிடச் சொரசொரப்பான 180 போட்டு, ஆக்சைடு மறுபடி கனக்குமுன் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் (பெயின்டுக்கு அடியில் பிடிப்புக்கு அடிக்கும் பூச்சு). உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கிற எட்ச் பிரைமர் மேல் எபாக்ஸி அடிப்பதை நான் தவிர்ப்பேன். எட்ச் பிரைமரிலுள்ள அமிலம் எபாக்ஸியை இறுகவிடாமல் கெடுக்கும்.

மேல் பூச்சு, படகுக்கு அடிக்கிற ஒற்றை டப்பா (ஹார்டனர் தனியாகக் கலக்க வேண்டாத) பாலியூரிதேன் பெயின்ட். 4 அங்குல ஃபோம் ரோலரில் மெல்லிசாக உருட்டி, பின்னாலேயே காய்ந்த பிரஷ் நுனியால், தகட்டின் மேடுபள்ள வரி போகிற திசையிலேயே ஒரே இழுப்பு. வரித் தகட்டில் பள்ளத்தில் பெயின்ட் தேங்கி வழியும், அதனால் கனமாக ஒரு கோட்டை விட மெல்லிசாக மூன்று மேல். வெயில் நேரே விழும் பக்கத்தில் அடித்தால் விளிம்பு காய்ந்து, சேருமிடம் கோடாகத் தெரியும். டப்பாக்கள் ஒரே பேட்ச் எண்ணில் கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள், கடைக்காரர் நிறம் ஒன்றுதான் என்று சத்தியம் செய்தாலும்.

வலது பக்கம், கூரை இரண்டும் பாக்கி. அதற்குள் மனசு இரட்டை நிறப் பட்டைக்குத் தாவிவிட்டது. வரி மேல் காகித டேப் சரியாகப் படிந்து ஒட்டாது, ஃபைன்லைன் வினைல் டேப் வாங்கியாயிற்று. கழற்றிய மூலைப் பட்டைகளுக்கு ப்யூட்டைல் டேப் (கசிவை அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) மட்டும்தான். சிலிகானுக்கு இந்த வண்டியில் இனி இடமில்லை.