மே மாதத்தில் வீடு தேடிப் போனோம்

நான்கு கிலோமீட்டருக்கு 250 ரூபாய். தென்காசி புதுப் பேருந்து நிலையத்திலிருந்து இலஞ்சிக்கு ஆட்டோக்காரர் கேட்டதும் வாங்கியதும் அதுதான். "குத்தாலம் ரேட்டு சார், யாரைக் கேட்டாலும் இதான் சொல்லுவாங்க" என்றார். அருவியில் நூல் போலத் தண்ணீர் வடிகிற மே மாதத்தில் என்ன குற்றாலம் ரேட்டு? மணி பகல் ஒன்றரை, கையில் இரண்டு பைகள், தலைக்கு மேல் அக்கினி நட்சத்திரம். கொடுத்துவிட்டோம். வீடு திரும்பி நான்கு நாளாகிறது, அந்த 250 இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது. மறுநாள் அதே தூரத்தை டவுன் பஸ்ஸில் போனோம். பெண்களுக்கு 2021இலிருந்து இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட்டே இல்லை, என் கணவருக்கு மட்டும் சில்லறை. குடி போக நினைக்கிற ஊரில் முதல் நாளே டவுன் பஸ் எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ஸ்டாண்டில் பையோடு நிற்கவே நிற்காதீர்கள்.

சென்னை மேடவாக்கத்தில் பதினோரு வருடம் இருந்தாயிற்று. வாடகை 19,500. மார்ச் பிறந்தால் தண்ணீர் லாரி. போன கோடையில் எங்கள் பங்குக்கு மட்டும் மாதம் 2,200 ரூபாய் போனது. எங்கள் இருவருக்கும் வேலை வீட்டிலிருந்தே, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அலுவலகம் போனால் போதும். மகன் கல்லூரி விடுதியில் இருக்கிறான். அப்புறம் அத்தை. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், மூன்றாம் மாடியில் ஜன்னல் வழியாகப் பக்கத்து அடுக்கு மாடியின் சுவரைப் பார்த்தபடி நாளை ஓட்டுகிறார். இனி இங்கே இருக்க எந்தக் காரணமும் இல்லை என்று பொங்கலன்றே முடிவு செய்துவிட்டோம். எந்த ஊர் என்பதுதான் பாக்கி.

மே மாதத்தில் போக வேண்டும் என்று அடம் பிடித்தது நான்தான். ஊர் தேடுகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, ஊர் அழகாக இருக்கும்போது போய்ப் பார்ப்பது. ஜூலையில் குற்றாலத்துக்குப் போய்ச் சாரலில் நனைந்த எவருக்கும் தென்காசியில் இடம் வாங்கத் தோன்றும். அந்த ஆசையை நம்பிச் சாமானை ஏற்றக் கூடாது. கிணறு எந்த மாதத்தில் வற்றுமோ, மின்விசிறிக் காற்று எந்த மாதத்தில் சுடுமோ, அந்த மாதத்தில் போய் இரண்டு ராத்திரி தூங்கிப் பார்க்க வேண்டும். கும்பகோணம் எங்கள் பட்டியலிலிருந்து போனது அப்படித்தான். மார்கழியில் பார்த்தபோது அங்கேயே தங்கிவிடலாம் போல் இருந்தது. அடுத்த மே மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய், புழுக்கத்திலும் கொசுவிலும் இரவு முழுக்கக் கண் மூடவில்லை. போதாததற்கு 2028இல் மகாமகம் வருகிறது. அந்தச் சந்துகளில் அந்தக் கூட்டத்துக்கு நடுவே நடக்கச் சிரமப்படும் வயதானவரை வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

சரி, காரைக்குடி. தாம்பரத்தில் பல்லவன் ரயில் ஏறினோம், இரவு பத்தரை வாக்கில் இறங்கினோம். மறுநாள் காலை குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடித்தோம். சம்பை ஊற்றுத் தண்ணீர். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காரைக்குடிக்காரர்கள் நிறுத்துவதில்லை. குடித்த பிறகு நானும் அவரிடம் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தேன். கேனுக்கு 40 ரூபாய் கொடுத்துப் பழகிய வாய்க்கு அது இளநீர்தான். படிப்புக்கு மரியாதை உள்ள ஊரும்கூட. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இலிருந்து அங்கே இருக்கிறது. டீக்கடைப் பேச்சிலேயே அது தெரிகிறது.

ஆனால் வீடு? செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்தால் முற்றத்துக் காற்றும் ஆத்தங்குடிக் கல்லும் சேர்ந்து உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறுகிறது. நமக்குக் கிடைப்பது அந்த வீடு இல்லை. 8,500 ரூபாய்க்குக் கிடைப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற கான்கிரீட் பெட்டி. நாங்கள் தங்கிய அறையும் அப்படித்தான், ராத்திரி பதினொன்றுக்கும் சுவரில் கை வைத்தால் சுட்டது. இதில் ஒரு வீட்டுத் தரகர் வேறு. வீடு காட்டுவதற்கே முன்பணமாக 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். காட்டியது மூன்று வீடு. ஒன்றில் ஏற்கெனவே ஆள் குடியேறியிருந்தார்கள். இன்னொன்றின் சாவி அவரிடம் இல்லை, ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கேட்டால் "பெட்ரோல் செலவு" என்றார். ஒரு வீட்டையாவது உள்ளே போய்ப் பார்க்காமல் யாருக்கும் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்து மதுரை மாட்டுத்தாவணி. அங்கே ஏறிய பேருந்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. "தென்காசி, தென்காசி, பாயின்ட் டு பாயின்ட், நடுவுல எங்கயும் நிக்காது" என்று கூவி ஏற்றினார்கள். நம்பி ஏறினோம். திருமங்கலத்தில் நின்றது. கல்லுப்பட்டியில் நின்றது. கிருஷ்ணன்கோவிலில் இருபது நிமிடம் நின்றது. எங்கள் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கி மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இருக்கை ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் நழுவியது. தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி, சத்தத்தைக் குறைக்கச் சொன்னதற்கு அந்த நடத்துநர் காதில் வாங்கவே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தபோது எனக்கு வாந்தி வருகிற நிலை. ராஜபாளையத்தில் இறங்கியே விட்டோம். தென்காசி வரை எடுத்த டிக்கெட்டில் மீதிப் பணம் போனது போனதுதான்.

அப்படி இறங்கியதில் ராஜபாளையத்தைப் பார்க்க நான்கு மணி நேரம் கிடைத்தது. எங்கள் பட்டியலிலேயே இல்லாத ஊர். ஏன் இல்லை என்று இப்போது வருத்தப்படுகிறேன். மேற்கே மலை மதில் போல எழுந்து நிற்கிறது. மில்லில் ஷிப்ட் முடிந்தவர்கள் டீக்கடையில் நின்று நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உழைத்துச் சாப்பிடுகிற ஊர் அது, வருகிற போகிறவர்களை நம்பி இல்லை. அதனால் வெளியூர்க்காரருக்கு ஒரு விலை என்ற பேச்சே எழவில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் 60 ரூபாய்தான் கேட்டார், அதையும் இறங்கின பிறகு. குறை ஒன்று கண்ணில் பட்டது. மதுரை–தென்காசி நெடுஞ்சாலை ஊருக்கு நடுவிலேயே போகிறது, லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் சாலையைக் கடக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. அன்று பார்க்க நல்ல வீடும் அமையவில்லை. தென்காசி கைகொடுக்காவிட்டால் ராஜபாளையம் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

அப்புறம் தென்காசி. 2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆன பிறகு கலெக்டர் அலுவலக வேலைக்கு நெல்லை வரை ஓட வேண்டியதில்லை. பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருப்பதால் "வீட்டிலிருந்து வேலை" என்றால் வீட்டுக்காரர்கள் விழிப்பதில்லை, எந்த இணைப்பு அந்தத் தெருவில் நன்றாக இருக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். குற்றாலம் போகும் சாலையை ஒட்டி வீடு வேண்டாம் என்று முதலிலேயே ஒதுக்கினோம். சீசனில் அந்தப் பக்கம் வண்டி நகராது, வாடகையும் கூட. உள்ளே தள்ளி இலஞ்சியில் பார்த்தோம். வயலுக்கு எதிரே ஓட்டு வீடு, பக்கத்திலேயே வீட்டுக்கார ஆச்சி. முதல் கேள்வியே எங்களை மடக்கியது.

"மே மாசத்துல யாராச்சும் இங்க வீடு பாக்க வருவாங்களாம்மா? ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, சாரல் அடிக்கும், ஊரே குளுகுளுன்னு இருக்கும்."

"அதனாலதான் ஆச்சி இப்ப வந்தோம்."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு "அப்ப கிணத்தப் பாரு" என்று பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். வாளியை விட்டுக் காட்டச் சொன்னேன். கயிற்றில் பாதிக்கு மேல் கையில் மிச்சம் இருக்கும்போதே வாளி தண்ணீரைத் தொட்டது. சத்தம் கேட்டதும் என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அக்கினி நட்சத்திரத்தின் நடுவில், மோட்டார் போடாமல், லாரி வராமல், தண்ணீர்! குடிதண்ணீர்க் குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு முறை வருமாம். எதிர் வீட்டில் தனியாகக் கேட்டோம், அவர்களும் அதையே சொன்னார்கள்.

வெயில் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பகலில் நன்றாகவே காய்ந்தது. ஆனால் நாலரை மணிக்குக் காற்று வந்தது. மலைத்தொடரில் ஆரியங்காவுக் கணவாய் இருக்கிற இடத்தில் மட்டும் ஓர் இடைவெளி. கேரளத்துக் காற்று அதன் வழியாகத்தான் இந்தப் பக்கம் புகுந்து வருகிறது. சாரலும் ஜூனில் அதே வழியில்தான் வரும். மழை இல்லாத மே மாதத்திலும் அந்தக் காற்று திண்ணையில் உட்கார வைத்துவிட்டது. அன்று ராத்திரி தென்காசி விடுதி அறையில் ஏசி போடாமல், ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினோம். காரைக்குடிச் சுவரும் அந்த ஜன்னலும் மாறி மாறி நினைவுக்கு வந்தன.

வாடகை 7,500, அட்வான்ஸ் 50,000. இல்லாவிட்டால் ஒத்திக்கு எடுத்துக்கொள்ளுங்கள், நாலு லட்சம் என்றார் ஆச்சி. சென்னைக்காரர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். மொத்தப் பணத்தையும் முதலில் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும். நாலு லட்சத்தை வங்கியில் போட்டால் ஏழு சதவீதம் என்று வைத்தாலும் வருடம் 28,000 வட்டி. வாடகை வருடத்துக்கு 90,000. கணக்கில் ஒத்திதான் லாபம். ஆனாலும் வேண்டாம் என்றேன். பணம் திரும்புவது வீட்டுக்காரர் கையில் அன்றைக்குக் காசு இருப்பதைப் பொறுத்தது. வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும், பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். முதல் வருடம் வாடகைக்கே இருப்போம். ஊர் பிடித்துப்போனால் அப்புறம் பார்க்கலாம்.

அன்று சாயங்காலம் செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டா. சென்னையில் "பார்டர் பரோட்டா" என்று பலகை வைத்து விற்பதை எல்லாம் மறந்துவிடுங்கள். வாழையிலையில் உள்ளங்கை அகலத்தில், ஓரம் மொறுமொறு என்று, நடுவில் பஞ்சு போல. பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றியதும் அது ஊறுகிற அந்த அரை நிமிடம் காத்திருக்க முடியவில்லை. சால்னா தண்ணீராக இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன். வாயில் வைத்ததும் மிளகும் சோம்பும் மெதுவாக ஏறி வந்தன. காடை வறுவல் ஒன்று, நாட்டுக்கோழி ஒரு தட்டு. பொதுவாக இரண்டு பரோட்டாவில் நிறுத்துகிற அவர் ஆறு சாப்பிட்டார். இரண்டு பேருக்கும் 480 ரூபாய், இந்தப் பயணத்தில் மனதாரக் கொடுத்த பணம் அது. வெளியே வந்து கை கழுவும்போது "வாரத்துக்கு ஒருதரம்தான்" என்றார் தானாகவே. வீடு அவருக்கு முடிவாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு முடிவாக இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. ராத்திரி பத்து மணிக்குத் தென்காசிக் கடைத்தெருவில் நடந்து எந்த மருந்துக் கடை திறந்திருக்கிறது என்று பார்த்தேன். மூன்று திறந்திருந்தன. அத்தையின் மருந்துச் சீட்டைக் காட்டினேன், ஐந்தில் நான்கு மாத்திரை கையிருப்பில் இருந்தது, ஐந்தாவதை மறுநாள் வரவழைப்பதாகச் சொன்னார்கள். ஊரில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரிதான், ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போல. நேரத்தைக் கணக்குப் பார்க்கவே பஸ் ஏறிப் போனோம், ஒன்றரை மணி நேரம். ஆம்புலன்ஸில் ஒரு மணி என்றே வைத்துக்கொள்கிறேன். அத்தைக்கு நெஞ்சுவலி வந்த அன்று மேடவாக்கத்திலிருந்து மருத்துவமனை போய்ச் சேர எங்களுக்கு 55 நிமிடம் ஆயிற்று, அதில் பாதி நேரம் சிக்னலில். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். பயம் முழுசாகப் போகவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவரிடம் அடுத்த வாரம் அத்தையையும் கூட்டிப்போய்க் கேட்ட பிறகுதான் முழு அட்வான்ஸ். இப்போதைக்கு ஆச்சியிடம் 5,000 ரூபாய் கொடுத்து வைத்திருக்கிறோம்.

திரும்பி வந்தது பொதிகையில். சாயங்காலம் ஏறினால் விடியும்போது தாம்பரம். அடிக்கடி சென்னை வர வேண்டியவர்களுக்கு இந்த ஒரு ரயிலே பெரிய பலம். ஐந்து நாள், இரண்டு பேர், ரயில், பஸ், அறை, சாப்பாடு, தரகரின் 1,000, ஆட்டோவின் 250 எல்லாம் சேர்த்து 11,340 ரூபாய்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் காற்றைப் பற்றிச் சொன்னேன், வயலைப் பற்றிச் சொன்னேன், குமாரர் கோயில் நடக்கிற தூரத்தில் இருப்பதைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தொவைக்கிற கல்லு இருக்கா?" என்றார். அதை நான் கவனிக்கவில்லை. ஆச்சிக்குப் போன் செய்தேன். இருக்கிறதாம், கிணற்றுக்குப் பக்கத்திலேயே, வேப்பமரத்து நிழலில்.